அணையாத சிவப்பு விளக்கு: ஒரு தனிப் பைக் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

2024 செப்டம்பர் முதல் வாரம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைச்சாலை. மாலை ஐந்தேகால் மணி இருக்கும், என் பைக்கின் பின் பிரேக் இல்லாமல் போனது. பெடலை மிதித்தேன், எதிலும் தட்டாமல் கால் அடிவரை போய்விட்டது. எதிரே ஒரு பஸ் வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, மலையை ஒட்டி ஓடிய வடிகாலுக்குள் வண்டியை விட்டேன். இடது முழங்காலுக்குக் கீழே நல்ல சிராய்ப்பு, கிளட்ச் லீவரின் நுனி உடைந்தது, ஃபுட்ரெஸ்ட் வளைந்தது. அவ்வளவுதான்.

விபத்து என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பின்னால் வரிசையில் நின்ற காரணங்கள், தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. கடைசிக் காரணம் பிடிபட்டது பயணத்தின் எட்டாம் நாள், நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தனுஷ்கோடியில்.

வண்டியும் திட்டமும்

வண்டி 2019இல் வாங்கிய 150 சிசி. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு). எடை 145 கிலோ, நான் 78, பின்னால் கேரியரில் கட்டிய பை 24. ஆக 247 கிலோ. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

திட்டம் ஒன்பது நாள், ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். திருச்சியில் கிளம்பி கரூர், ஈரோடு வழியாகச் சத்தியமங்கலம், திம்பம் ஏறி சாமராஜநகர், மைசூர், குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, ஊட்டி, கோத்தகிரி வழியே இறங்கிப் பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, போடி, தேனி, தென்காசி, கன்னியாகுமரி, தனுஷ்கோடி, பிறகு வீடு. முதலில் போட்ட வரைபடத்தில் வயநாடும் இருந்தது. ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டேன். வேடிக்கை பார்க்கப் போகிற நேரம் அல்ல அது.

கிளம்பும் முன் வண்டியைச் சர்வீஸ் விட்டேன். ஆயில் மாற்றி, செயின் இறுக்கி, "பிரேக் பார்க்கப்பட்டது" என்று டிக் அடித்த சீட்டோடு வண்டி திரும்பி வந்தது. சக்கரத்தின் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்திருப்பார்கள். பிரேக் ஆயிலை யாரும் தொடவில்லை. தொடச் சொல்லி நானும் கேட்கவில்லை. அது வண்டி வாங்கிய நாளிலிருந்து உள்ளே இருந்த அதே ஆயில். ஐந்து வருடம். வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய சமாச்சாரம்.

மூன்று நாள் ஏற்றம்

முதல் நாள் சமவெளி. டோல்கேட்டில் பைக்குக்குக் காசு கிடையாது, இடது ஓரச் சந்தில் புகுந்து போய்க்கொண்டே இருக்கலாம். இருநூற்றிச் சொச்சம் கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. இரண்டாம் நாள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள். லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து ஏறினேன். ஏறிய பிறகு இறக்கம் என்று ஒன்று பெரிதாக இல்லை. ஆசனூர் தாண்டினால் மைசூர் பீடபூமி அப்படியே விரிந்துவிடும். மூன்றாம் நாள் மைசூரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் சுற்றிவிட்டு, இரவு குண்டலுப்பேட்டையில் தங்கல்.

அப்போது உறைக்காத ஒன்று இப்போது பளிச்சென்று தெரிகிறது. அந்த மூன்று நாளும் வண்டி ஏறிக்கொண்டோ சமமாக ஓடிக்கொண்டோதான் இருந்தது. நான்காம் நாள் காலை கல்லட்டிச் சாலையும் ஏற்றம்தான். பிரேக்குக்கு உண்மையான பரீட்சை ஒன்றுகூட வைக்காமலேயே, "வண்டி சூப்பராக இருக்கிறது" என்று ஊட்டியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

நான்காம் நாள், மணிக்கணக்கில்

பந்திப்பூர் வழியே போகும் ரோடு இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை மூடியிருக்கும். சக்கரத்தில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் எண்ணிக்கை பொறுக்க முடியாமல் போய், 2009இல் வந்த தடை அது. ஆறு மணிக்கு கேட் திறக்கும்போது முதல் வரிசையில் நிற்கவேண்டும் என்று நாலரைக்கே எழுந்துவிட்டேன். பனி விலகாத காட்டில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவது இந்தப் பயணத்தின் சிறந்த அரை மணி நேரம். ரோட்டோரம் புள்ளிமான் கூட்டம், ஒரு மயில், தூரத்தில் மூங்கிலை ஒடிக்கும் சத்தம். அது எதுவாக இருக்கும் என்று நின்று பார்க்க மனசு வரவில்லை; நிற்கவும் கூடாது.

தெப்பக்காட்டில் இடது பக்கம் திரும்பி மசினகுடி. அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதை, 36 வளைவு. இதில் வெளியூர் வண்டிகளை ஏற விடுவார்கள், இறங்க விடமாட்டார்கள். பிரேக் பிடிக்காமல் போய் விழுந்த வண்டிகளின் கதை அந்த ரோட்டில் ஏராளம். அந்த விதியைப் பற்றி யோசித்துக்கொண்டே ஏறினேன். பத்து மணி நேரத்துக்குள் எனக்கே அது நடக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

பத்தரை மணிக்கு ஊட்டி. ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு மழை. மூன்று மணிக்குக் கிளம்பும்போது மழைக்கோட்டும், ஷூவின் மேல் மாட்டுகிற ரப்பர் கவரும் போட்டுக்கொண்டேன். நாலு மணிக்குக் கோத்தகிரியில் ஒரு டீ. காலையிலிருந்து தண்ணீர் குடித்தது அரை லிட்டர் தேறாது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது என்பதால் எவர்சில்வர் பாட்டில் வைத்திருந்தேன். குளிரில் அதைத் திறக்கத் தோன்றவே இல்லை.

புத்தி உள்ளவன் அன்று கோத்தகிரியிலேயே ரூம் போட்டிருப்பான். நான் ஏன் போடவில்லை என்பதற்குப் பதில் மறுநாள் திட்டத்தில் இருக்கிறது. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போகும் காட்டு ரோட்டில், பிற்பகலுக்கு மேல் பைக்கை உள்ளே விடமாட்டார்கள். அந்த செக்போஸ்ட்டை நேரத்துக்குத் தாண்டவேண்டும் என்றால் காலையில் பொள்ளாச்சியில் இருக்கவேண்டும். பொள்ளாச்சியில் இருக்கவேண்டும் என்றால் இன்று ராத்திரியே போய்ச் சேரவேண்டும். ரூமுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. காலையில் ஒரு கேட் எழுப்பிவிட்டது, மாலையில் நாளைய கேட் தள்ளிவிட்டது.

அன்று ஓட்டிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் சிரிப்பு வரும். விழுந்த இடம்வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சமவெளியில் இரண்டரை மணி நேர ஓட்டம். ஆனால் நான் எழுந்து அப்போது பதின்மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

ஆறு வளைவு

வடிகாலிலிருந்து வண்டியைத் தூக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த பிக்கப் நின்றது. கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வண்டி. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். இறங்கி வந்து, எனக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை நிமிர்த்தினோம். அப்புறம்தான் கேட்டார்:

"ஏனுங்க, பிரேக்குல இருந்து காலை எடுக்கவே மாட்டீங்களா? ஆறு வளைவா உங்க பின்னாடிதான் வர்றேன். செவப்பு லைட்டு அணையவே இல்லீங்களே."

இல்லையே, வளைவில் மட்டும்தானே மிதித்தேன் என்றேன். அவர் வாதம் செய்யவில்லை. பின் டிஸ்க்கைக் காட்டினார். தட்டின் ஓரத்தில் நீலம் பாரித்திருந்தது. மழைத்துளி அதில் விழுந்த இடத்தில் சுர்ரென்று ஆவி கிளம்பியது. கருகிய நாற்றம் அப்போதுதான் என் மூக்குக்கு எட்டியது. ஹெல்மெட்டுக்குள் இருந்தவரை தெரியவே இல்லை.

என்னைக் கேட்டால், மொத்த நிகழ்விலும் மிக முக்கியமான சாட்சி அவர்தான். என் வண்டியின் பிரேக் விளக்கை என்னால் பார்க்க முடியாது. நாலு பேர் சேர்ந்து போயிருந்தால் பின்னால் வருகிறவன் முதல் வளைவிலேயே ஹாரன் அடித்திருப்பான். தனியாகப் போகிறவனைப் பார்த்து ஊரே கேட்கும் கேள்வி, "ராத்திரி பயமா இல்லையா? திருடன் வந்தா?" என்பதுதான். ஒன்பது நாளில் திருடன் ஒருவனும் வரவில்லை. பின்னால் இருந்து என்னைப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என்னை விழவைத்தது.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒரு விசித்திரம். பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. பிரேக் திரும்பி வந்துவிட்டது! சரி, ஏதோ ஈரத்தில் வழுக்கியிருக்கும், கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினேன். டிரைவர் தடுத்தார். சூடு ஆறியதால் வந்திருக்கிறது, நாலு வளைவு போனால் மறுபடி போய்விடும் என்றார். இறக்கத்துக்கு ஒரு வழியும் அவரே சொன்னார்: நான் முன்னால் முதல் கியரில் போகவேண்டும், அவர் பின்னால் வருவார், என் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தால் ஹாரன் அடிப்பார்.

அப்படித்தான் இறங்கினோம். முதல் இரண்டு வளைவுக்குள் மூன்று ஹாரன். ஒவ்வொரு முறையும், நான் மிதிக்கவே இல்லையே என்று எரிச்சலாக வந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ரப்பர் கவர் போட்ட ஷூவுக்குள் கால் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் வலது குதிகாலை ஃபுட்ரெஸ்டுக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஹாரன் வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தி நன்றி சொல்லப் போனேன். மண்டிக்கு நேரமாச்சுங்க என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பட்டறையில் தெரிந்தது

மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக் பின் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, "டிகாக்‌ஷன் மாதிரி இருக்குதுங்க" என்றார். நிஜமாகவே அந்த நிறம்தான். புது ஆயில் தேன் கலந்த தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சளாக இருக்கும். பேடு இரண்டையும் கழற்றிக் கையில் வைத்தார். தேய்ந்திருந்தாலும் மிச்சம் இருந்தது, ஆனால் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. விரலால் தடவினால் சொரசொரப்பே இல்லை.

என்ன நடந்தது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,790 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 310. தோராயமாக 1,450 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். 247 கிலோவை அவ்வளவு உயரத்திலிருந்து கீழே கொண்டுவந்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் 35 லட்சம் ஜூல். குளிர்ந்த தண்ணீர் பத்து லிட்டரைக் கொதிக்கவைக்க அது போதும். அது எங்காவது போயாகவேண்டும். கியரைக் குறைத்து இறங்கினால் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் காற்றுக்குப் போகும். மூன்றாவது கியரில், காலைப் பெடலில் வைத்தபடி இறங்கினால், ஒரு கிலோகூட இல்லாத அந்தப் பின் தட்டின் தலையில் விழும். நீலகிரி மலைச்சாலைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் இருக்கின்றன. அன்று இரண்டையாவது படித்தேன். அது பஸ்ஸுக்கும் காருக்கும் என்று நினைத்துக்கொண்டேன் போல.

அடுத்தது ஆயில். பெடலை மிதிக்கும் அழுத்தத்தைப் பேடுவரை கொண்டுபோவது அதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் பொருள். என் வண்டியில் டாட் 4 வகை. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155தான். ஐந்து வருட ஆயில் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தட்டின் சூடு பேடு வழியாக, அதைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் ஏறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிவிட்டது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் அடிவரை போனது அதனால். சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி, பெடல் கல் மாதிரி நின்றதும் அதனால். இதைத்தான் நான் பயங்கரம் என்பேன். தவறு நடந்த தடயத்தை வண்டியே அழித்துவிடுகிறது. அந்த டிரைவர் இல்லாவிட்டால் ஈரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

முன் சக்கரத்து ஏபிஎஸ் அன்று என்னைக் காப்பாற்றியது, சந்தேகமில்லை. ஈர ரோட்டில் அப்படி இறுக்கிப் பிடித்தும் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கொதிக்கும் ஆயிலை ஏபிஎஸ் ஒன்றும் செய்யாது.

பழைய ஆயிலை முழுக்க எடுத்து, காற்றை வெளியேற்றி, புது டாட் 4 ஊற்றி, பின் பேடு மாற்றி, கிளட்ச் லீவரும் போட்டு, மொத்தம் 940 ரூபாய். கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேன். பிரேக் சுவிட்சிலிருந்து ஒரு வயரை முன்னால் இழுத்து, மீட்டருக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு எல்இடி வைக்க முடியுமா? மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்துக் கடையிலிருந்து எலக்ட்ரீஷியன் பையன் வந்து இருபது நிமிடத்தில் வைத்துக் கொடுத்தான். பின் விளக்கு எரிந்தால் அதுவும் எரியும்.

மீதிப் பயணம்

மளுக்கப்பாறையைக் கைவிட்டேன். பொள்ளாச்சி ரூம் பணம் போனது போனதுதான். உடுமலையில் தங்கி, ஆறாம் நாள் சின்னார் வழியாக மூணாறு, அங்கிருந்து போடி. இம்முறை கிலோமீட்டரைக் கணக்கில் வைக்காமல் மணியை வைத்தேன்: மலையில் மணிக்கு இருபத்தைந்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, நாலு மணிக்கு மேல் எந்த இறக்கத்தையும் தொடங்கக் கூடாது. போடிமெட்டில் நிற்கும்போது மணி இரண்டு. கீழே 17 வளைவு. இரண்டாவது கியர், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்னும் பின்னும் சேர்த்துப் பிடித்து உடனே விடுவது. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி டிஸ்க்கில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சுர்ரென்று ஒரு சத்தமும் இல்லை. எல்இடி அவ்வப்போது தானாக மினுக்கியது. ரோட்டு அதிர்வில் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று இரண்டு மலைக்கு நடுவில் அடைபட்டுப் பாயும் கணவாய் அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா அல்ல. நேராகப் போவதற்கே வண்டியை மேற்குப் பக்கம் சாய்த்துப் பிடிக்கவேண்டியிருந்தது. லாரி என்னை முந்தும்போது சட்டென்று காற்று நின்றுவிடும், சாய்த்திருந்த வண்டி லாரிப் பக்கம் இழுக்கும். தாண்டியதும் ஒரே அறை. இரண்டு முறை பட்ட பிறகு, பின்னால் லாரி வந்தாலே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். தோள்பட்டை கன்னியாகுமரிவரை வலித்தது.

எட்டாம் நாள் விடிவதற்குள் கிளம்பி, தூத்துக்குடி, சாயல்குடி, பாம்பன் பாலம். மூன்று மணிக்குத் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரையும் ரயில் நிலைய மிச்சத்தையும் பார்த்துவிட்டு, அரிச்சல்முனை ரோட்டில் வண்டியை விட்டேன். 2017இல் திறந்த ரோடு. இரண்டு பக்கமும் கடல், அம்பு விட்ட மாதிரி நேர்க்கோடு. வளைவு இல்லை, இறக்கம் இல்லை, முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. மழைக்கோட்டும் ஷூ கவரும் பைக்குள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலைத் தூக்கினேன், அணைந்தது. சாதாரணமாக வைத்தேன், எரிந்தது. வண்டியை ஓரம் கட்டி, சைடு ஸ்டாண்ட் போட்டு, மணலில் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தேன். பெடல் ஃபுட்ரெஸ்டைவிட விரற்கடை உயரத்தில் நின்றது. கால் இயல்பாக உட்கார்ந்தாலே விரல்நுனி அதை அழுத்தும். ரப்பர் கவர் கூட்டியது கொஞ்சம்தான்; அஸ்திவாரம் அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. ஐந்து வருடத்தில் முன் பேடு ஒருமுறையும் பின் பேடு இரண்டு முறையும் மாற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பின் பேடு சீக்கிரம் போகிறது, நல்ல கம்பெனி இல்லை என்று கடைக்காரரிடம் குறைப்பட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி ராமநாதபுரம் லாட்ஜ் வாசலில், டார்ச்சை வாயில் கவ்வியபடி, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு (பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) போகும் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, அரை அரைச் சுற்றாகத் திருகிப் பெடலை இறக்கினேன். பத்து நிமிட வேலை. சாவியைப் போட்டு, ஷூவோடு காலை வைத்தேன். எரியவில்லை. ரப்பர் கவரை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி வைத்தேன். லாட்ஜ் வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மழையே இல்லாத ஊரில் இவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.